செங்காந்தள் சாகுபடி: கொடியும் கிழங்கும் விதையும்

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் அதுவே. வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை தானாக வளரும் இந்த ஏறுகொடிக்கு லின்னேயஸ் 1753இல் குளோரியோசா சூபர்பா என்று பெயரிட்டார். அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தமிழ்ப் புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்களின் நீண்ட வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. கார்த்திகைப் பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் மாறும். கொங்கு நாட்டு உழவர்கள் சுருக்கமாகக் கண்வலி என்பார்கள்.

இந்தக் கொடி உலகச் சந்தைக்கு இரண்டு வழிகளில் போகிறது. ஜப்பானின் கோச்சி மாநிலத்திலும் நெதர்லாந்திலும் பசுமைக்குடில்களில் வளர்த்து, பூவைக் கொய்மலராக விற்கிறார்கள். திருமணப் பூங்கொத்துகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பகுதிகளிலும் இது மருந்துப் பயிர். இங்கே பூவுக்கு விலை இல்லை. பூ காயாகி, காய் காய்ந்து உதிர்க்கும் விதைக்கே விலை. தோட்டத்தில் அழகுக்கும் மருந்தகத்தில் நோய்க்கும் பயன்படும் செடிகள் வேறு சிலவும் உண்டு. இரத்தப் புற்றுநோய் மருந்தான வின்கிறிஸ்டின் தரும் நித்தியகல்யாணி அவற்றுள் ஒன்று. ஆனால் நித்தியகல்யாணி விதையிலிருந்து எளிதில் முளைத்து அதே பருவத்தில் பயன் தந்துவிடும். அதன் சாகுபடியால் காட்டுக்குச் சுமையில்லை. செங்காந்தளின் நிலை அப்படிப்பட்டதன்று. அதன் சாகுபடி பல்லாண்டு தாங்குமா என்பதை விளைச்சலை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நடுகிற கிழங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் தெரியும்.

மருந்தின் மதிப்பு

விதையிலும் கிழங்கிலும் உள்ள முதன்மையான வேதிப்பொருள் கோல்ச்சிசின். பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெத்தியேவும் கவான்துவும் 1820இல் ஐரோப்பாவின் கோல்ச்சிக்கம் செடியிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். காந்தள் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. விதையில் உள்ள அளவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான் என்றாலும், பிரித்தெடுப்பு ஆலைகளுக்கு அது போதும். கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட் நோய்க்கும், குடும்பவழி மத்தியதரைக் காய்ச்சலுக்கும், இதய உறை அழற்சிக்கும் கோல்ச்சிசின் தரப்படுகிறது. 2023இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மாரடைப்பு போன்ற இதயநோய் ஆபத்தைக் குறைக்க அரை மில்லிகிராம் மாத்திரைக்கு ஒப்புதல் அளித்தது. தசை இறுக்கத்துக்குத் தரும் தயோகோல்ச்சிகோசைடு மருந்துக்கும் இந்த விதையே மூலப்பொருள். செல் பிளவைத் தடுக்கும் இயல்பால், நிறப்புரிகளின் எண்ணிக்கையை இரட்டிக்கப் பயிர்ப் பெருக்க வல்லுநர்கள் 1930களிலிருந்து கோல்ச்சிசினைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் கிழங்கைச் சுத்தி செய்து சிறு அளவிலும், பெரும்பாலும் வெளிப்பூச்சாகவும் பயன்படுத்தின. அந்தத் தேவை சிறியது. விதைக்கான ஏற்றுமதித் தேவை வந்த பிறகுதான் வேலியோரக் கொடி வயல் பயிரானது.

கிழங்கின் கணக்கு

மண்ணுக்குள் கிழங்கு கவை போல் இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. கிழங்கில் வேறெந்த இடத்திலிருந்தும் முளை கிளம்பாது. ஆடியில் நட்ட கிழங்கு மழைக்கு முளைத்து, தன் சேமிப்பைக் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிப் போகும். பருவம் முடிவதற்குள் அதன் இடத்தில் புதிய கவைக்கிழங்கு ஒன்று உருவாகும். கொடி பட்டுப்போன மாசி, பங்குனியிலிருந்து அடுத்த மழை வரை அது உறங்கும். ஆகவே ஒரு கிழங்கை இரு கைகளாகப் பிரித்து நட்டால் இரண்டு கொடி கிடைக்கும். அதற்கு மேல் பெருக்கம் இல்லை. அழுகல் முற்றிலும் இல்லாத நல்ல ஆண்டில்கூட இரட்டிப்பைத் தாண்ட முடியாது.

ஒரு ஏக்கர் நடவுக்கு அரை டன் முதல் ஒரு டன் வரை கிழங்கு தேவைப்படுகிறது. நடவுக்கு ஏற்றது ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள கிழங்கு. ஐம்பது கிராம் என்று கொண்டால் ஏக்கருக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கிழங்குகள் ஆகின்றன. முதலாண்டுச் செலவில் பெரும்பங்கு இதற்கே போகிறது. விதை விலை ஏறுகிற ஆண்டில் புதிதாக நடுவோர் கூடுகிறார்கள். கிழங்கின் விலையும் உடன் ஏறுகிறது. இரட்டிப்புக்கு மேல் பெருகாத செடியில் திடீரென்று கூடிய தேவையை ஏற்கெனவே உள்ள வயல்கள் ஈடுகட்ட முடியாது. மீதம் காட்டிலிருந்து வருகிறது. மணற்பாங்கான கடலோரப் புதர்களிலும் மலையடிவாரங்களிலும் தானாக வளர்ந்த கொடிகளின் கிழங்கு தோண்டப்பட்டு வயலுக்கு வருகிறது. காட்டுக் கொடியைக் காப்பாற்றும் என்று எண்ணித் தொடங்கிய சாகுபடி, காட்டுக் கொடியையே தின்று வளர்கிறது. இந்தப் பயிரில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான்.

செங்காந்தள் உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. அதைச் சொல்லி ஆறுதல் அடைவதற்கில்லை. ஒரு வட்டாரத்தில் பூக்கும் வயதுக் கிழங்குகளை எல்லாம் ஒரே கோடையில் தோண்டிவிட்டால், அங்கே அடுத்த தலைமுறைக்கு விதை போடக் கொடி இருக்காது. உலகக் கணக்கில் அந்த இழப்பு தெரியவும் தெரியாது. தேசிய மருத்துவத் தாவர வாரியம் 2000இல் அமைக்கப்பட்ட பின் முன்னுரிமை தந்த மூலிகைகளின் பட்டியலில் இந்தச் செடி இடம்பெற்றதற்கும், உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி, சேகரிப்பு வழிகாட்டி நெறிகள் நடவுப்பொருளின் மூலத்தைப் பதிவு செய்யச் சொல்வதற்கும் பின்னால் உள்ள கவலை இத்தகையதே.

மாற்றுவழி விதை நாற்றங்கால். விதைக்கு உறக்கம் உண்டு. பறித்த உடன் விதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும், முளைப்பும் சீராக இருக்காது. முளைத்த முதல் ஆண்டில் புல்லைப் போன்ற ஒரு தண்டும் ஓரிரு இலைகளும்தான் வெளியே தெரியும். கீழே விரல்நுனி அளவுக் கிழங்கு. பூக்கும் அளவுக்குக் கிழங்கு பருக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இந்தக் காத்திருப்புக்கு அஞ்சித்தான் உழவர்கள் கிழங்கை விலைக்கு வாங்குகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டால் சுமை அவ்வளவு பெரிதில்லை. பத்தாயிரம் கிழங்குள்ள ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்று அழுகுவதாக வைத்துக்கொண்டால், ஆயிரம் கிழங்கு ஈடுசெய்ய வேண்டும். அரையடி இடைவெளியில் ஆயிரம் நாற்றுக்கு அரை சென்டுக்குச் சற்று மேல் போதும். ஒன்று முதல் நான்கு வயது வரையான நான்கு பாத்திகளுக்கும் சேர்த்து, இழப்புக்கும் இடம் விட்டு, மூன்று சென்ட் ஒதுக்கினால் அந்த வயல் வெளியிலிருந்து கிழங்கு வாங்காமலே தொடர்ந்து நடக்கும். விதைக்குச் செலவு சொற்பம்; சொந்தக் காயில் சில நூறு கிராம் எடுத்து வைத்தால் ஆயிற்று. விதையில் வளர்த்த கிழங்கு ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். அதனால் ஒரே நோய் வயல் முழுவதையும் ஒரேயடியாகச் சாய்க்கும் ஆபத்தும் குறையும். திசு வளர்ப்பு முறையும் ஆய்வுக்கூடங்களில் கைவந்திருக்கிறது. சிறு உழவரின் செலவுக்குள் அது இன்னும் வரவில்லை.

பந்தலும் வேலியும்

காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறும். பிடிக்க ஒன்று கிடைத்தால் ஏறும். கிடைக்காவிட்டால் தரையில் சரிந்து, இலை மண்ணில் பட்டுக் கருகும். வயலில் இதற்கு மூன்று வழக்கங்கள் உண்டு. காய்ந்த விராலி மிலாறுகளையும் முள்ளையும் வரிசையாக நடுவது ஒன்று. அது மலிவு, ஆனால் ஓரிரு பருவத்தில் கரையான் தின்றுவிடும், ஒவ்வொரு முறையும் கரட்டிலிருந்து வெட்டி வர வேண்டும். கல்தூண் நட்டுக் கம்பி இழுப்பது இன்னொன்று. அது நீடிக்கும், முதல் அதிகம்.

மூன்றாவது முள்கிளுவை. தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகளை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த அந்த மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே காங்கேயம் மாடுகளை மேய விடுவது அந்த ஊர்களின் பழைய பண்ணையம். கிளுவைப் போத்தை ஒடித்து மழைக்கு முன் ஊன்றினாலே வேர் பிடிக்கும். தண்ணீர் கேட்காது, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். செங்காந்தள் இந்த வேலிகளில் தானாகவே ஏறிக் கிடந்த கொடி. வயலுக்குள் வரிசையாக ஊன்றிய கிளுவையில் அதை ஏற்றுவது, அது முன்பே வாழ்ந்த இடத்தை வயலுக்குள் கொண்டு வருவதே. கிளுவை பருத்துக் கொடியை நிழலால் மூடாதபடி ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். வெட்டிய போத்துகள் அடுத்த வரிசைக்கு ஆகும். கம்பிப் பந்தலைவிட இது தாமதமாகப் பயன் தரும் என்பது உண்மை. ஆனாலும் நீடித்த சாகுபடிக்கு இதற்கு இணையான வேறு வழி இல்லை. உயிர்வேலி இருக்கும் இடத்தில் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் தங்கும். அவற்றின் தேவை பூக்கும் காலத்தில் தெரியும்.

பூவிலிருந்து காய்க்கு

புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பூப்பு. மொட்டு தலைகுனிந்து விரியும். ஆறு இதழ்களும் நெளிந்த விளிம்போடு பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்க்கும். இதழ்களுக்குக் கீழே ஆறு மகரந்தக் கம்பிகள் சக்கரத்தின் ஆரங்கள் போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டு சூலகத்தை விட்டு வெளிவரும் இடத்திலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி, மகரந்தப்பைகளிலிருந்து விலகி ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் தானாக விழ வழியே இல்லாத அமைப்பு இது. சிறகு அகன்ற பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ பூவுக்குப் பூ வந்தால்தான் சேர்க்கை நடக்கும். ஓர் ஏக்கரில் ஒரே நாளில் விரியும் பூக்களுக்கு அவை போதமாட்டா.

அதனால் கையால் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. காலையில் பனி உலர்ந்து மகரந்தப்பை வெடித்த பின் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். ஒரு பூவின் மகரந்தப்பையைச் சிறு தூரிகையால் தொட்டு, அடுத்த கொடியில் பக்கவாட்டில் நீண்டிருக்கும் சூல்முடியில் தடவுவார்கள். எந்தப் பூவைத் தொடுவது என்பதை நிறம் சொல்லும். அன்று விரிந்த பூவின் அடி பசுமஞ்சளாகவும் நுனி மட்டும் சிவப்பாகவும் இருக்கும். நாள் ஏற ஏறச் சிவப்பு கீழிறங்கி இதழ் முழுவதையும் பிடிக்கும். முழுச் சிவப்பானதைக் கைபழகியவர்கள் தாண்டிப் போவார்கள். ஒரே கொடியில் கீழிருந்து மேலாக நாளுக்கு ஒன்றிரண்டாகப் பூ விரிவதால் இந்த வேலை ஒரு நாளில் முடிவதில்லை. பூப்புக் காலம் முழுவதும் தினமும் நடக்கும். விதையின் விலையில் இந்தக் கைகளின் உழைப்பே பெரும்பகுதி. அதற்கேற்ற கூலி கிடைக்கிறதா என்பதும் நிலைத்த சாகுபடியின் கேள்விதான்.

இந்த நாட்களில்தான் புழுவும் வரும். கருப்பும் வெள்ளையும் சிவப்புமாகக் கோடிட்ட காந்தள் புழு, மற்றப் பூச்சிகளைக் கொல்லும் நஞ்சுள்ள இலையைத் தின்றே பிழைக்கும் இனம். இலையில் குவியலாக முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் முதல் சில நாட்கள் கூட்டமாக ஓரிடத்திலேயே சுரண்டும். அப்போது அந்த இலையைக் கிள்ளி அழித்தால் நூறு புழு ஒரே கிள்ளில் போகும். பரவிய பிறகு பொறுக்குவது கடினம். அந்த நிலையில்தான் உழவர்கள் கடும் பூச்சிக்கொல்லியைத் தேடுகிறார்கள். பூத்த வயலில் அதைத் தெளித்தால் புழுவோடு பட்டாம்பூச்சியும் தேனீயும் போகின்றன. அதைவிடக் கொடியது, மறுநாள் காலை அதே கொடிகளுக்குள் வெறும் கையோடு பெண்கள் நுழைந்து பூத் தொடுவது. பூப்புக்கு முன் வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கம் பார்ப்பதும், ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளிப்பதும், புழு மண்ணில் கூடு கட்டும் காலத்தில் வரிசைகளுக்கிடையே லேசாகக் கொத்திவிடுவதும் இந்த நிலை வராமல் காக்கும்.

கிழங்கழுகலுக்கு மருந்தைவிட வடிகால் முக்கியம். வடிகாலுள்ள செம்மண்ணும், ஆண்டுக்கு எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழையும் இந்தப் பயிருக்கு ஏற்றவை. கரிசலில் மழைநீர் இரண்டு நாள் நின்றாலே பூசணம் கிழங்கைப் பிடிக்கும். நடும் முன் டிரைக்கோடெர்மா கரைசலில் நனைப்பதும், தொழுவுரத்தோடு வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், பார் உயர்த்தி நடுவதும் போதிய பாதுகாப்பு. சொட்டுநீர் இருந்தால் தண்ணீர் அளவாகப் போகும். கொடி பட்ட பின் நீர் பாய்ச்சக் கூடாது. நன்கு பேணிய வயலில் கிழங்கை நான்கைந்து ஆண்டுகள் தோண்டாமலே விட்டு, ஆண்டுதோறும் விதை மட்டும் எடுக்கலாம்.

அறுவடையும் நஞ்சும்

தை, மாசியில் காய் முதிரும். தோல் சுருங்கி நிறம் வெளுக்கத் தொடங்கும்போது, வெடிப்பதற்கு முன் பறிக்க வேண்டும். நிழலில் பரப்பினால் சில நாட்களில் மூன்று பிளவாக வெடித்து, செம்மஞ்சள் நிற விதைகள் வரிசையாகத் தெரியும். பிரித்தெடுத்த விதையையும் நிழலிலேயே உலர்த்துவார்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடித்து மதிப்புப் போகும்.

கிழங்கு, இலை, பூ, விதை, காய்த்தோல் அனைத்தும் நஞ்சு. உண்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கலாம். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். எளிதில் கிடைக்கும் மாற்றுமருந்து இல்லை. வள்ளிக்கிழங்கென்று தவறாக எண்ணி உண்டு இறந்தவர்கள் உண்டு. இலங்கையில் இது மருத்துவர்கள் நன்கறிந்த நஞ்சு. இந்திய மருந்து விதிகளின் நஞ்சுப் பட்டியலான இ(1) அட்டவணையிலும் இச்செடி இருக்கிறது. ஆகவே விதைக்கிழங்கை வீட்டுத் திண்ணையிலோ சமையலறைப் பக்கமோ குவிக்கக் கூடாது. காய் உரிப்பவர்கள் கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உண்ண வேண்டும். உரித்த தோலைத் தொழுவத்துக்குக் கொண்டுபோகாமல் தனிக்குழியில் இட வேண்டும்.

விலை

இந்த விதையை உள்ளூரில் யாரும் உண்பதில்லை. வேறு எதற்கும் ஆகாது. வாங்குவோர் சிலரே. வட்டார வியாபாரியிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும், அங்கிருந்து உள்நாட்டு, வெளிநாட்டுப் பிரித்தெடுப்பு ஆலைகளுக்கும் அது போகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காய்க்கும் பருத்திக்கும் நடப்பது போன்ற வெளிப்படையான ஏலம் பெரும்பாலும் இல்லை. ஓராண்டு விற்ற விலையில் பாதிகூட அடுத்த ஆண்டு கிடைக்காமல் போவதை உழவர்கள் பார்த்திருக்கிறார்கள். விலை ஏறினால் காட்டுக் கிழங்குக்குத் தேவை கூடுகிறது; விழுந்தால் வயலைக் கவனிப்பார் இல்லாமல் நோய் பெருகுகிறது. இரண்டும் கொடிக்குக் கேடு. நன்கு உலர்ந்த விதை கெடாமல் இருக்கும் என்பது ஒன்றே உழவருக்கு உள்ள சாதகம். இருப்பு வைக்கக் கிடங்கும், இருப்பின் மீது பொருளீட்டுக் கடனும் இருந்தால் அவர் அறுவடை மாதத்திலேயே விற்க வேண்டியதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கூட்டாக விற்கும்போது கோல்ச்சிசின் அளவை ஆய்வகத்தில் அளந்து, அதற்கேற்ப விலை கேட்கலாம். கிழங்கு எந்த நாற்றங்காலில் வளர்ந்தது, பூத்த வயலில் என்ன தெளிக்கப்பட்டது என்ற பதிவேட்டையும் உடன் தந்தால், மூலத்தை அறிய விரும்பும் மருந்து நிறுவனங்களுக்கு அந்தச் சரக்கு தனித்துத் தெரியும். காட்டுக் கிழங்கில் விளைந்த விதைக்கும் நாற்றங்கால் கிழங்கில் விளைந்த விதைக்கும் இன்று ஒரே விலைதான். பதிவேடு இருந்தால் அந்த இரண்டுக்கும் வேறுபட்ட விலை கேட்க முடியும்; மூன்று சென்ட் நிலத்தை நான்கு ஆண்டு ஒதுக்கிக் காத்திருந்த உழவருக்கு அந்தக் கூடுதல் விலையே திரும்பக் கிடைக்கும் முதல்.